மாடல் ஃபோல்டர் ஏன் காலியா இருக்கு?

நம்ம டிபார்ட்மென்ட்ல யாரோட ப்ராஜெக்ட் ஃபோல்டரை வேண்டுமானாலும் திறந்து பாருங்க. வியூஸ் ஃபோல்டர் நிரம்பி வழியும். சி.எஸ்.எஸ். ஃபைல் மட்டும் நாலு இருக்கும், லோகோ மூன்று சைஸில் இருக்கும். மாடல்ஸ் என்றும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. இல்லையென்றால் யூட்யூப் டுடோரியலில் இருந்து அப்படியே வந்து உட்கார்ந்த ஒரே ஒரு யூசர் ஃபைல் இருக்கும்.

ஆனால் ஃபர்ஸ்ட் ரிவ்யூ பிபிடியில் மட்டும் "எம்.வி.சி. ஆர்கிடெக்சர்" என்று ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்கும். மூன்று பெட்டி, நடுவில் அம்புக்குறி.

நான் சொல்ல வருவது இதுதான். ஃபைனல் இயருக்குள் நுழைவதற்கு முன்னாடி, நாம ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன மாடல் காம்போனன்ட்டை நாமே எழுதிப் பார்க்கணும். நூற்றைம்பது வரி போதும். ஒரு ப்ராஜெக்ட்டில் எழுதினால் அடுத்ததுக்கும் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கணும். "ஒர்க் ஆகுதுல்ல, விடு ப்ரோ" என்று சொல்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டுச் சண்டை போடுங்க.

மாடல் என்றால் டேபிள் இல்லை

வைவாவில் "மாடல்னா என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "டேட்டாபேஸ் சார்." எக்ஸ்டர்னலும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்தப் பதில் பாதிதான் சரி.

எம்.வி.சி. வெப்சைட்டுக்காக யோசித்த விஷயமே இல்லை. 1979-ல் நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் குழுவோடு வேலை பார்த்தபோது எழுதிய குறிப்புகளில் வந்தது அது. வெப் என்ற ஒன்று அப்போது கிடையாது. அவர் மாடல் என்று சொன்னது டேபிளை இல்லை, அறிவை. நிஜ உலகத்தில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி ப்ரோகிராமுக்கு என்னவெல்லாம் தெரியுமோ அதுதான் மாடல். அது ஸ்கிரீனில் எப்படித் தெரியணும் என்பது வியூவின் கவலை. பிறகு 2004-ல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸும், 2005-ல் வெளியான ஜாங்கோவும் இந்த யோசனையைத் தங்கள் வழியில் வெப்புக்குக் கொண்டுவந்தன.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் சைட். எல்லா டிபார்ட்மென்ட் அசோசியேஷனும் வருஷா வருஷம் புதுசா பண்ணுகிற ஒன்று. இந்த சைட்டுக்கு என்ன தெரியணும்?

பேப்பர் பிரசன்டேஷன் டீமில் ரெண்டு பேரில் இருந்து நாலு பேர் வரை இருக்கலாம். ஒரே நேரத்தில் நடக்கும் ரெண்டு ஈவென்ட்டில் ஒரே ஆள் இருக்க முடியாது. ஒரு மொபைல் நம்பருக்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன்தான். கடைசி தேதிக்குப் பிறகு ஆன்லைனில் மூடிவிடணும், ஆனால் ஸ்பாட்டில் திறந்திருக்கணும்.

இதில் ஒரு வரியாவது பட்டனோட கலரைப் பற்றியோ ஃபான்ட்டைப் பற்றியோ இருக்கா? இல்லை. அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை போட்டு முடிவு பண்ணிய விதிகள் இவை. சைட்டே இல்லாமல் ஒரு நோட்டில் ரெஜிஸ்டர் பண்ணினாலும் இதே விதிகள்தான். அப்படியானால் இவை இருக்க வேண்டிய இடம் எது? ரெஜிஸ்டர் பேஜுக்குள் ஒரு இஃப், அட்மின் பேஜுக்குள் இன்னொரு இஃப் என்று சிதறிக் கிடக்கலாமா?

மூன்று வாசல்

"இருக்குறதே ஒரு ஃபார்ம், அதுக்கு எதுக்கு மாடல்?" என்று கேட்கலாம். ஒரு ஃபார்ம் என்பது நினைப்புதான். சிம்போசியம் நெருங்க நெருங்க வாசல் கூடிக்கொண்டே போகும்.

முதல் வாசல் ஆன்லைன் ரெஜிஸ்டர் பேஜ். ரெண்டாவது, அன்றைக்குக் காலையில் டெஸ்க்கில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செகண்ட் இயர் பசங்க தட்டுகிற ஸ்பாட் பேஜ். மூன்றாவது, வேறு கல்லூரி கோஆர்டினேட்டர் மெயிலில் அனுப்பும் எக்ஸெல் ஷீட். "எங்க பசங்க நாற்பது பேர், நீங்களே ஏத்திக்கோங்க" என்பார். இப்போது மூன்று இடத்திலும் ஒரே டேபிளுக்குள் டேட்டா போகிறது. மூன்றிலும் தனித்தனியா இன்சர்ட் குவெரி எழுதியிருந்தால், மூன்றிலும் விதி தனித்தனி.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. போன வருஷம் இன்னொரு கல்லூரி சிம்போசியத்துக்குப் போயிருந்தோம். ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் பக்கத்து வரிசையில் ஒரு செகண்ட் இயர் டீம் நின்றது. மூன்று பெண்கள், ராத்திரி பஸ் ஏறி வந்திருக்காங்க. முதல் தடவை பேப்பர் பிரசன்ட் பண்ண வந்தவர்கள். டெஸ்க்கில் மொபைல் நம்பரைத் தட்டினால் "நோ ரெக்கார்ட்". மெயிலில் வந்த கன்ஃபர்மேஷனைக் காட்டினாங்க, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாங்க. டெஸ்க்கில் இருந்தவர், "நீங்க ஃபார்ம் சரியா ஃபில் பண்ணியிருக்க மாட்டீங்க" என்றார். யாரையோ கூப்பிட்டு, யாரோ வந்து, பட்டியலை ஒவ்வொரு வரியாகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர்களுடைய ஸ்லாட் முடிந்துவிட்டது. பார்ட்டிசிபேஷன் சர்ட்டிஃபிகேட் கொடுத்து அனுப்பினாங்க.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அந்த சைட் பண்ணிய பையனிடமே பேச நேர்ந்தது. காரணத்தை அவனே சொன்னான். ஆன்லைன் பேஜ், நம்பரை எப்படி டைப் பண்ணினாங்களோ அப்படியே சேவ் பண்ணுகிறது. அந்தப் பெண் முன்னால் பிளஸ் 91 போட்டு, நடுவில் ஒரு ஸ்பேஸும் விட்டிருக்கிறாள். ஸ்பாட் பேஜ் வெறும் பத்து இலக்கத்தை வைத்துத் தேடுகிறது. ரெண்டு பேஜும் தனித்தனியா பார்த்தால் சரிதான். ரெண்டையும் வேறு வேறு ஆள் எழுதியிருக்காங்க, அவ்வளவுதான். மொபைல் நம்பர் என்றால் என்ன என்று முடிவு பண்ணுகிற ஒரே இடம் அந்த சைட்டில் இல்லை.

அந்தப் பெண்கள் ஃபார்மைச் சரியாகத்தான் ஃபில் பண்ணியிருந்தாங்க.

ரீயூசபிள் என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு அடுத்த ப்ராஜெக்ட், அடுத்த கம்பெனி என்று தோன்றும். முதலில் அது வேண்டியது ஒரே ப்ராஜெக்ட்டின் மூன்று வாசலுக்கு. அது சரியா அமைந்தால் அடுத்த ப்ராஜெக்ட்டுக்குத் தானாகவே வரும்.

சரி, எப்படி எழுதுவது?

பி.எச்.பி., பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். ஒரு பேஸ் கிளாஸ். அதில் இருந்து பிறக்கும் சின்னச் சின்ன கிளாஸ்கள்: பார்ட்டிசிபன்ட், டீம், ஈவென்ட்.

சின்ன கிளாஸ் சொல்ல வேண்டியது மூன்று விஷயம். என் டேபிளின் பெயர் என்ன, என்னிடம் என்னென்ன ஃபீல்டு இருக்கு, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் என்ன விதி. மீதி வேலை முழுக்க பேஸ் கிளாஸுடையது. வெளியில் இருந்து வரும் மதிப்புகளை வாங்கிச் சுத்தம் பண்ணுவது, விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, சேவ் பண்ணுவது, தேடுவது, அழிப்பது. சேவ் என்று கூப்பிட்டால் அது முதலில் சரிபார்க்கணும். ஐ.டி. இருந்தால் அப்டேட், இல்லையென்றால் இன்சர்ட். இந்த மாதிரி ஒரு டேபிள் வரிசையை ஒரு ஆப்ஜெக்ட்டாக வைத்து, தன்னைத்தானே சேவ் பண்ணிக்கொள்ளும் முறைக்கு ஆக்டிவ் ரெக்கார்ட் என்று பெயர். மார்ட்டின் ஃபவ்லர் 2002-ல் எழுதிய புத்தகத்தில் வைத்த பெயர் அது. ரெயில்ஸ் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. லாராவெலில் இருக்கும் எலக்வென்ட்டும் இதே முறைதான்.

இதில் நாலு இடத்தில் கவனமா இருக்கணும்.

ஒன்று, குவெரியில் மதிப்புகளை ஒட்டுப்போட்டு எழுதாதீங்க. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் வைங்க. எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் பற்றி எல்லோரும் படித்திருக்கோம். ஆனால் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: மதிப்புகளைத்தான் பைண்ட் பண்ண முடியும், டேபிள் பெயரையும் காலம் பெயரையும் பண்ண முடியாது. அதனால் காலம் பெயர்கள் எப்போதும் உங்க கிளாஸில் நீங்களே எழுதிய பட்டியலில் இருந்துதான் வரணும், ஃபார்மில் இருந்து வரவே கூடாது.

ரெண்டு, அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் ஃபில் பண்ண விடாதீங்க. ஃபார்மில் வருவதை எல்லாம் அப்படியே ஆப்ஜெக்ட்டில் கொட்டினால், எவனாவது பிரவுசரில் இன்ஸ்பெக்ட் போட்டு "பெய்டு" என்று ஒரு ஃபீல்டைத் தானே சேர்த்து ஒன்று என்று அனுப்புவான். பணம் கட்டாமலே பணம் கட்டியவன் ஆகிவிடுவான். இதற்கு மாஸ் அசைன்மென்ட் என்று பெயர். நம்ம லெவலில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்காதீங்க. 2012 மார்ச்சில் கிட்ஹப்பிலேயே இந்த ஓட்டை இருப்பதை ஒருத்தர் செய்தே காட்டினார்.

மூன்று, மாடலுக்குள் எக்கோ, பிரின்ட், அலர்ட் எதுவும் வரக்கூடாது. தப்பு இருந்தால் எந்த ஃபீல்டில் என்ன தப்பு என்று ஒரு பட்டியலாகத் திருப்பிக் கொடுக்கணும். அதைச் சிவப்பு எழுத்தில் காட்டுவதா, எக்ஸெல் இம்போர்ட் ரிப்போர்ட்டில் "17-வது வரியில் தப்பு" என்று எழுதுவதா, தமிழில் சொல்வதா, இங்கிலீஷில் சொல்வதா என்பதைக் கூப்பிட்டவர் பார்த்துக்கொள்வார்.

நாலு, ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது என்பதை மாடலில் செக் பண்ணினால் மட்டும் போதாது, டேபிளிலும் யுனீக் இண்டெக்ஸ் போடுங்க. ஒரே நொடியில் ரெண்டு பேர் சப்மிட் அழுத்தினால், மாடல் ரெண்டு பேருக்கும் "இந்த நம்பர் இன்னும் இல்லை" என்றுதான் சொல்லும். கடைசியில் காப்பாற்றுவது டேட்டாபேஸ்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பிரவுசரைத் திறக்காமல், டெர்மினலில் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஒரு பார்ட்டிசிபன்ட்டைச் சேவ் பண்ண முடிகிறதா என்று பாருங்க. செஷன் இல்லை, போஸ்ட் டேட்டா இல்லை என்று அது கத்தினால், உங்க மாடல் இன்னும் ஏதோ ஒரு பேஜோடு ஒட்டிக்கொண்டிருக்கு என்று அர்த்தம். பிய்த்து எடுங்க.

யாருடைய உலகம்?

இவ்வளவு நேரம் சொன்னது டெக்னிக். ஒரு நல்ல டுடோரியல் பார்த்தாலே வந்துவிடும். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது இனிமேல் சொல்லப்போவதைத்தான்.

டுடோரியலில் வரும் யூசர் மாடலை அப்படியே காப்பி பண்ணும்போது, கோடை மட்டும் நாம எடுப்பதில்லை. அதை எழுதியவரின் ஊரையும் சேர்த்து எடுக்கிறோம். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், ரெண்டும் கட்டாயம், ரெண்டும் குறைந்தது ரெண்டு எழுத்து, ஏ முதல் இசட் வரை மட்டும். அவருடைய ஊரில் இது சரியா இருக்கலாம். நம்ம ஊரில் பாதிப் பேருக்கு லாஸ்ட் நேம் என்று ஒன்று ஏது? இருப்பது இனிஷியல். ‘எஸ்’ என்று ஒரே எழுத்தைப் போட்டால் சிவப்பில் திட்டும். புள்ளி வைத்தாலும் திட்டும். கடைசியில் அப்பா பெயரைப் போடுவோம், இல்லை ‘எஸ்எஸ்’ என்று ரெண்டு தடவை அடிப்போம். அது அப்படியே சர்ட்டிஃபிகேட்டில் பிரின்ட் ஆகி வரும். அதை ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டவா முடியும்?

சரி, தமிழில் பெயர் எழுத விடலாம் என்று ஒரு நல்ல மனசுக்காரர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்ற வார்த்தையில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யு.டி.எஃப்.-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். பி.எச்.பி.யில் பழைய எஸ்.டி.ஆர். லென் ஃபங்ஷன் 15 என்று சொல்லும். ‘கார்த்திகேயன்’ என்று ஏழு எழுத்துப் பெயரைப் போட்டால் அதற்கு 39 வரும். பெயர் 30-க்குள் இருக்கணும் என்று அந்த ஃபங்ஷனை நம்பி விதி வைத்திருந்தால், முருகன் பெயரே செல்லாது.

இன்னொன்று. எந்த மொழி எழுத்தும் வரலாம் என்று ரெஜெக்ஸில் யூனிகோட் லெட்டர் வகையை மட்டும் கொடுத்தால்கூட ‘தமிழ்’ தேறாது. ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் லெட்டர் இல்லை, மார்க். மார்க் வகையையும் சேர்த்துக் கொடுக்கணும். இதை ஒரு இடத்தில் ஒரு தடவை சரியா எழுதி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு உங்க கையில் இருக்கும் எந்த சைட்டும் தமிழ்ப் பெயரைத் திருப்பி அனுப்பாது. ரீயூஸ் என்றால் எனக்கு இதுதான்.

அடுத்து நம்பர்கள். மொபைல் நம்பர் நம்பரே இல்லை. யாராவது அதைக் கூட்டிக் கழிக்கிறோமா? மை எஸ்.க்யூ.எல்.லில் இன்ட் என்று காலம் வைத்தால் அது தாங்கும் அதிகபட்சம் 2147483647. நம்ம ஊர் மொபைல் நம்பர்கள் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதில் ஆரம்பிக்கும் பத்து இலக்கம், எல்லாமே இதைவிடப் பெரிது. ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃபில் இருந்தால் டேட்டாபேஸ் தடுக்காது, எல்லோருக்கும் 2147483647 என்றே சேவ் பண்ணிவிடும். ஒரு டேபிளில் எல்லோருக்கும் இதே மொபைல் நம்பர் இருந்தால் என்ன நடந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

நம்ம ரெஜிஸ்டர் நம்பரும் அதே கதைதான். 12 இலக்கம். எக்ஸெல்லில் அதை நம்பராக விட்டால் ஈ பிளஸ் 11 என்று சுருக்கிக் காட்டும். அந்த ஷீட்டை அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேவ் பண்ணி அனுப்பினால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. ஒரு கிளாஸில் இருக்கும் அறுபது பேரும் ஒரே ஆள் ஆகிவிடுவாங்க. ரெஜிஸ்டர் நம்பர் என்றால் சரியாகப் பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஸ்ட்ரிங் என்று மாடலில் ஒரு வரி விதி இருந்தால், அந்த ஷீட் வாசலிலேயே நின்றுவிடும்.

லேட்டரல் என்ட்ரி நண்பர்களை யோசித்துப் பாருங்க. டிப்ளமோ முடித்து நேரா செகண்ட் இயரில் சேர்ந்தவர்கள். சேர்ந்த வருஷத்தோடு நாலைக் கூட்டினால் பாஸ் அவுட் வருஷம் என்று மாடல் கணக்குப் போட்டால், அவர்களை ஒரு வருஷம் கூடுதலாகக் காலேஜிலேயே உட்கார வைத்துவிடும். எந்த டுடோரியலும் இதைச் சொல்லித் தராது. நம்ம பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்குத் தெரியும்.

மறுத்துப் பேசுபவர்களுக்கு

"ஃப்ரேம்வொர்க்லயே எல்லாம் இருக்கே, சக்கரத்தை மறுபடி ஏன் கண்டுபிடிக்கணும்?" நியாயமான கேள்வி. ஊருக்குப் போடுகிற சைட் என்றால் ஜாங்கோவோ லாராவெலோ எடுங்க, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை சொந்தமா எழுதியவருக்கு ஃப்ரேம்வொர்க்கின் மாடல் மந்திரமாகத் தெரியாது. லாராவெலில் ஃபில்லபிள் என்று ஒரு பட்டியல் ஏன் கேட்கிறது என்பது, "பெய்டு" ஃபீல்டை ஒருத்தன் நுழைக்க முடியும் என்று யோசித்தவருக்கு உடனே புரியும். மற்றவர் எரர் போனால் போதும் என்று எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் போட்டுவிடுவார். எந்த ஃப்ரேம்வொர்க்காக இருந்தாலும், டீமில் நாலு பேர்தான் என்பதையோ இனிஷியல் ஒரு எழுத்து என்பதையோ நீங்கதான் சொல்லணும்.

"ஏ.ஐ. கிட்ட கேட்டா முப்பது செகண்டில் தருது." தரும். நானும் கேட்பதுண்டு. பொதுவா ஒரு யூசர் மாடல் என்று கேட்டால், உலகத்தில் அதிகம் எழுதப்பட்ட யூசர் மாடல் மாதிரி ஒன்றைத்தான் தரும். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் அங்கேயும் வந்து நிற்கும். நம்ம விதிகளை நாம பட்டியல் போட்டுக் கொடுத்தால் நன்றாகவே எழுதும். அந்தப் பட்டியல்தான் மாடலின் பாதி வேலை. அதை நமக்குப் பதிலா யோசிக்க யாரும் வரமாட்டாங்க.

"ரிவ்யூவில் யு.ஐ. மட்டும்தான் பார்க்கிறாங்க, மார்க் அங்கேதான்." இதில் உண்மை இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் ரிவ்யூவில் கடைசி நிமிஷத்தில் "இதில் இன்னொரு ஃபீல்டு சேர்த்துக் காட்டுங்க" என்று கேட்கும்போது, எட்டு ஃபைலைத் திருத்துகிற டீமும் ஒரு ஃபைலைத் திருத்துகிற டீமும் ஒன்றாகத் தெரியாது. இன்டர்வியூவிலும் "உங்க ப்ராஜெக்ட்ல நீங்க என்ன எழுதினீங்க?" என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கு. ரீயூசபிள் என்று ஆரம்பித்து, எல்லா டேட்டாபேஸுக்கும், எல்லா ப்ராஜெக்ட்டுக்கும், இன்னும் பிறக்காத தேவைகளுக்கும் சேர்த்து ஒரு மகா மாடல் எழுத உட்காருபவர்கள் இருக்காங்க. எனக்குத் தெரிந்த ஒரு டீம் ஃபர்ஸ்ட் ரிவ்யூவுக்கும் செகண்ட் ரிவ்யூவுக்கும் நடுவில் முழுக்க முழுக்க அதையே எழுதியது. மாடல் இஞ்சின் பிரமாதமா இருந்தது, ஆனால் அதை வைத்து ஓடுவதற்கு ஆப் இல்லை. இதற்கு ஒரு பழைய விதி இருக்கு, மூன்றின் விதி. ஃபவ்லரின் ‘ரிஃபாக்டரிங்’ புத்தகத்தில் (1999) டான் ராபர்ட்ஸ் பெயரைச் சொல்லி வருகிறது. முதல் தடவை சும்மா எழுது. ரெண்டாவது தடவை அதையே எழுத நேர்ந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுது. மூன்றாவது தடவை வந்தால் பொதுவாக்கு. சிம்போசியத்துக்கு மூன்று வாசல் இருக்கு என்று மேலே சொன்னேன் இல்லையா, எண்ணிக்கை சரியா வருது. பேஸ் கிளாஸில் எது இருக்கணும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை. பார்ட்டிசிபன்ட், டீம், ஈவென்ட் மூன்றையும் தனித்தனியா எழுதுங்க. மூன்றிலும் ஒரே மாதிரி வருவதை மட்டும் மேலே தூக்குங்க.

ஜூனியர்களுக்கு என்ன விட்டுட்டுப் போறோம்?

ஒவ்வொரு வருஷமும் சிம்போசியம் சைட்டை முதலில் இருந்து பண்ணுகிறோம். போன வருஷ சீனியர் கோடைத் திறந்தால் ஒன்றும் புரியாது, அவருக்கு மெசேஜ் போட்டால் ஆன்சைட்டில் இருப்பார். "புதுசாவே பண்ணிடலாம்டா" என்று முடிவாகும். அதோடு போன வருஷம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதும் போய்விடும். பிளஸ் 91 பிரச்சினை மறுபடி வரும், எக்ஸெல் பிரச்சினை மறுபடி வரும், இன்னொரு டீம் டெஸ்க்கில் நிற்கும்.

டிசைன் வருஷா வருஷம் மாறத்தான் வேண்டும், அது அந்தந்த பேட்சின் ஆசை. ஆனால் மொபைல் நம்பர் என்றால் என்ன, பெயர் என்றால் என்ன, டீம் என்றால் என்ன என்பது மாறாது. அதை ஒரு ஃபோல்டரில், பேஜ் எதையும் ஒட்டாமல், ஒவ்வொரு விதிக்கும் மேலே ஏன் வைத்தோம் என்று ஒரு வரி கமென்ட்டோடு விட்டுட்டுப் போனால், அடுத்த பேட்ச் அதன் மேலே எந்த டிசைனையும் கட்டிக்கொள்ளலாம். கமென்ட்டைத் தமிழில் எழுதினாலும் கம்பைலர் கோபிக்காது.

இந்த சனி ஞாயிறு ஒரு வேலை பண்ணுங்க. உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து ‘இன்சர்ட் இன்டு’ என்று மொத்தமா ஒரு சர்ச் போடுங்க. ஒரே டேபிளுக்கு எத்தனை இடத்தில் வருது என்று எண்ணுங்க. ஒன்று என்றால் நீங்க இந்தக் கட்டுரையைப் படித்திருக்கவே வேண்டாம், மன்னிச்சுக்கோங்க. மூன்று என்றால் அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மூன்றிலும் மொபைல் நம்பர் ஒரே மாதிரிதான் சேவ் ஆகுதா?